காருக்கு வைத்தியம் பார்க்கும் கம்ப்யூட்டர்: அது சொல்வதெல்லாம் சரியா?

முன்பெல்லாம் கார் மக்கர் செய்தால் பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மெக்கானிக் பானெட்டைத் திறப்பார். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். காதைக் கொடுத்துக் கேட்பார். சைலன்சர் புகையை முகர்ந்து பார்ப்பார். பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார். பிறகு, கோளாறு இன்னது என்று சொல்வார்.

இப்போது காட்சி மாறிவிட்டது. காரை உள்ளே விட்டதும் ஒரு பையன் சிலேட்டு அளவுள்ள ஒரு கருவியோடு வருகிறான். அதற்கு ஸ்கேனர் என்று பெயர். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் கருவியைச் செருகுகிறான். ஒரு நிமிடத்தில் திரையில் ஒரு எழுத்தும் சில எண்களும் வருகின்றன. "சென்சார் போயிடுச்சு சார். மாத்தணும்" என்கிறான்.

கார்க்காரர் பணத்தைக் கட்டுகிறார். பல நேரங்களில் கோளாறு தீர்ந்துவிடுகிறது. சில நேரங்களில் தீர்வதில்லை. மூன்று நாள் கழித்து அதே மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது. அப்போதுதான் கேள்வி எழுகிறது. கம்ப்யூட்டர் தவறாகச் சொல்லுமா?

பெங்களூர்த் தமிழர்களுக்கு இது பொழுதுபோக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் பக்கங்களில் இருந்து இங்கு வந்து டாக்சி ஓட்டுகிறவர்கள் ஏராளம். பட்டறைகளிலும் உதிரி பாகக் கடைகளிலும் வேலை பார்க்கிறவர்களும் நிறையப் பேர் உண்டு. ஸ்ரீராமபுரம், அல்சூர் தெருக்களில் இரவு நேரத்தில் வரிசையாக நிற்கும் மஞ்சள் போர்டு கார்களைப் பார்த்தாலே தெரியும். டாக்சி ஒரு நாள் ஓடாவிட்டால் அன்றைய வருமானம் போகும். ஆனால் மாதத் தவணை நிற்காது.

எனவே, இந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இதற்காக ஜே.சி. ரோடு பக்கத்துச் சந்துகளில் தொழில் செய்யும் மெக்கானிக்குகள் சிலரைச் சந்தித்துப் பேசினேன். அவர்கள் சொன்னவற்றையும், இந்தக் கருவி பிறந்த கதையையும் இங்கே தருகிறேன்.

புகைக்காகப் பிறந்த கருவி

காரில் கம்ப்யூட்டர் எதற்காக வந்தது? மெக்கானிக்கின் வேலையைச் சுலபமாக்க என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வந்தது புகைக்காக.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் காற்று மாசு பெரும் தொல்லையாக இருந்தது. புதிதாக வரும் கார்கள் தங்கள் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தாங்களே கண்காணித்து, கோளாறு வந்தால் டிரைவருக்கு விளக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அந்த மாநிலம் விதி செய்தது. 1988-ம் ஆண்டு மாடல் கார்களில் இருந்து அது தொடங்கியது. ஆனால் கம்பெனிக்கு ஒரு சாக்கெட், கம்பெனிக்கு ஒரு சங்கேதம் என்று இருந்தது. 1996-ம் ஆண்டு மாடலில் இருந்து அமெரிக்கா முழுவதும் எல்லா கார்களுக்கும் ஒரே வகை சாக்கெட், ஒரே வகை சங்கேத எண் என்று கட்டாயமாக்கினார்கள்.

இந்தியாவில் 2000-ம் ஆண்டை ஒட்டி புகை விதிகள் இறுகின. கார்புரேட்டர் மெல்ல மெல்ல விடைபெற்றது. அந்த இடத்துக்கு இன்ஜெக்டரும் அதை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரும் வந்தன. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூர் உள்ளிட்ட பெருநகரங்களில் பாரத்-4 விதி அமலுக்கு வந்தது. அதோடு கோளாறைக் காட்டும் இந்த ஏற்பாடும் வந்தது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நாடு முழுவதும் பாரத்-6 வந்தபோது, அது இன்னும் நுணுக்கமானது.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. என்ஜின் சங்கேதங்களின் அடிப்படை, புகையைக் கெடுக்கும் கோளாறுகளைப் பிடிப்பது. புகையைக் கெடுக்காத கோளாறு எத்தனை பெரியதானாலும், அந்த மஞ்சள் விளக்கு அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடலாம்.

எழுத்து ஒன்று, எண் நான்கு

ஸ்கேனர் காட்டும் சங்கேதத்தில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு நான்கு இடங்களில் எண்கள் வரும். 'பி-0171' என்பதை எடுத்துக்கொள்வோம். 'பி' என்றால் என்ஜினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த '0' என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான சங்கேதம். '1' என்றால் பெட்ரோல், காற்று சம்பந்தப்பட்டது. '71' என்பது அதற்குள் வரிசை எண்.

இதன் பொருள் என்ன? "என்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு" என்பதுதான்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. மிச்சம் இருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். உடனே கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சரிவராவிட்டால், விளக்கைப் போட்டுவிட்டு இந்தச் சங்கேதத்தைக் குறித்து வைக்கும்.

சரி, பெட்ரோல் ஏன் போதவில்லை? பெட்ரோல் பம்பு பலவீனமாக இருக்கலாம். பில்டர் அடைத்திருக்கலாம். இன்ஜெக்டரில் கசடு இருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம். வழியில் எங்காவது ரப்பர் குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று உள்ளே புகலாம். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்து, வெளிக்காற்று கலந்திருக்கலாம். கடைசியாக, ஆக்சிஜன் சென்சாரே கெட்டிருக்கலாம்.

ஆக, ஒரு சங்கேதத்துக்கு ஏழு காரணங்கள்! இந்த ஏழில் எது என்பதை அந்த எண் சொல்லவில்லை.

காய்ச்சல் என்று வந்தவருக்குத் தெர்மாமீட்டர் 102 காட்டுகிறது. அது மலேரியாவா, டைபாய்டா, சாதாரணச் சளிக் காய்ச்சலா என்று தெர்மாமீட்டருக்குத் தெரியாது. ஸ்கேனரும் அப்படித்தான்.

டாக்சி டிரைவரின் அனுபவம்

ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் ஒரு டாக்சி டிரைவருக்கு நடந்தது இது. சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். கடன் வாங்கி வாங்கிய கார். தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் சவாரி ஓட்டுகிறார்.

ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டியில் பிக்கப் இல்லை. ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். மேலே சொன்ன அதே 'பி-0171' வந்தது. "ஆக்சிஜன் சென்சார்" என்று சொல்லி மாற்றினார்கள். சங்கேதத்தை அழித்தார்கள். விளக்கு அணைந்தது. பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாகக் கிளம்பினார்.

மூன்றாம் நாள் ஹெப்பால் மேம்பாலத்தில் ஏறும்போது விளக்கு மறுபடி எரிந்தது.

இரண்டாவது பட்டறையிலும் ஸ்கேனர்தான். அதே சங்கேதம். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மறுபடியும் பணம். மறுபடியும் சில நாளில் விளக்கு. அடுத்து, பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த மாதத் தவணைப் பணத்தில் கை வைத்தால்தான் பம்பு வாங்க முடியும் என்ற நிலை.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஜே.சி. ரோடு பக்கம் ஒரு சந்தில் இருக்கும் வயதான மேஸ்திரியிடம் போனார். அவரும் முதலில் ஸ்கேனரைத்தான் போட்டார். ஆனால் சங்கேதத்தோடு நிற்கவில்லை. "எப்போப்பா பிக்கப் இல்லாம போகுது? சும்மா நிக்கும்போதா, மேடு ஏறும்போதா?" என்று கேட்டார்.

"மேடு ஏறும்போதுதாண்ணே. சும்மா நின்னா ஒண்ணும் தெரியல."

மேஸ்திரி என்ஜினை ஓடவிட்டு, காற்று அளக்கும் சென்சாரில் இருந்து என்ஜினுக்குப் போகும் பெரிய ரப்பர் குழாயைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் வளைத்தார். ஒரு பக்கம் வளைத்தபோது என்ஜின் சத்தம் மாறியது. குழாயைக் கழற்றிக் காட்டினார். மடிப்புக்குள், அடிப்பக்கமாக, விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு!

மேடு ஏறும்போது என்ஜின் தன் இருக்கையில் கொஞ்சம் சாய்கிறது. அப்போது வெடிப்பு வாய் திறக்கிறது. அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. சமதரையில் வெடிப்பு மூடிக்கொள்கிறது. இதுதான் விஷயம். அந்தக் குழாயின் விலை, மாற்றிய சென்சாரின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கே ஆக்சிஜன் சென்சார் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டரும் பொய் சொல்லவில்லை. காற்று அதிகம் என்று இரண்டும் உண்மையைத்தான் சொல்லின. உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்!

அப்படியானால் விளக்கு ஏன் மூன்று நாள் அணைந்திருந்தது? அதற்கும் காரணம் உண்டு. சங்கேதத்தை அழித்தால், கம்ப்யூட்டர் முதலில் இருந்து பாடம் படிக்கத் தொடங்குகிறது. இதுபோன்ற கோளாறுகளை அது ஒரு தடவை கண்டதும் விளக்குப் போட்டுவிடாது. அடுத்தடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் போடும். இடையில் கிடைக்கும் இந்த அவகாசத்தைக் கார்க்காரர், கோளாறு தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்.

நம்பும்படியான பொய்

இன்னொரு வகைக் கோளாறு இதைவிடச் சங்கடமானது. அதில் சங்கேதமே வராது.

என்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்க ஒரு சென்சார் உண்டு. அதன் வயர் அறுந்துவிட்டால் கம்ப்யூட்டருக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் சென்சார் பழசாகி, 90 டிகிரி சூட்டை 65 டிகிரி என்று காட்டினால்? 65 டிகிரி என்பதும் ஓர் என்ஜினுக்கு வரக்கூடிய சூடுதான். கம்ப்யூட்டர் அதை நம்பிவிடக்கூடும். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணிப் பெட்ரோலைத் தேவைக்கு மேல் ஊற்றும். மைலேஜ் குறையும். புகை கறுக்கும். ஸ்கேனரைப் போட்டால், "கோளாறு எதுவும் இல்லை" என்று வரலாம்.

அனுபவசாலிகள் இதைப் பிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் நின்ற காரை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு ஸ்கேனரில் பார்க்கிறார்கள். அப்போது தண்ணீரின் சூடும், உள்ளே வரும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், இரண்டில் ஒரு சென்சார் பொய் சொல்கிறது. கருவி அதேதான். அதை வைத்து என்ன கேள்வி கேட்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது.

நாலு சிலிண்டர் என்ஜினில் ஒன்று மிஸ் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனர் 'பி-0302' என்று காட்டுகிறது. இரண்டாவது சிலிண்டர் என்று பொருள். காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, உள்ளே வால்வு சரியாக மூடவில்லையா என்பது அதற்குத் தெரியாது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியாக இருந்தால், நல்ல மெக்கானிக் கடைக்கு ஓடமாட்டார். இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பார். சங்கேதம் 'பி-0303' என்று இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்த்து, கடைசியில் கம்ப்ரஷன் மீட்டரைக் கையில் எடுப்பார். காலணாச் செலவில்லாத சோதனை! ஆனால் அதைச் செய்யப் பொறுமை வேண்டும்.

சென்சார் இல்லாத இடங்கள்

மேடு பள்ளத்தில் "கடகட" என்று சத்தம் வருகிறது. வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரத்தில் இருந்து "ஙொய்" என்று இரைச்சல் கேட்கிறது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. ஸ்கேனரைப் போட்டால் ஒன்றும் வராது.

சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயிண்ட், சக்கர பேரிங், என்ஜின் மவுண்ட், கிளட்ச் தேய்மானம் இவற்றுக்கெல்லாம் சாதாரணக் கார்களில் சென்சார் கிடையாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும். பால் ஜாயிண்ட் விட்டுப்போனால் ஓடும் காரில் சக்கரமே மடங்கிவிடும். உயிருக்கு ஆபத்தான இந்தக் கோளாறை, அத்தனை கம்ப்யூட்டர் உள்ள கார் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. "ஸ்கேன் பண்ணியாச்சு, எல்லாம் ஓ.கே." என்று கேட்டு நிம்மதி அடைகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ரெயில்வேயிலும் இதே கதை உண்டு. ஓடும் பெட்டியின் அச்சுப் பெட்டிச் சூட்டையும், சக்கரம் தண்டவாளத்தில் இடிக்கும் வேகத்தையும் அளக்கும் கருவிகள் பாதை ஓரத்தில் வந்துவிட்டன. ஆனாலும் ரெயில் பிளாட்பாரத்துக்குள் உருண்டு வரும்போது, பெட்டி பராமரிப்பு ஊழியர்கள் பாதை ஓரம் குனிந்து நின்று ஒவ்வொரு சக்கரத்தையும் பார்ப்பதை யாரும் நிறுத்தவில்லை. எதாவது தொங்குகிறதா, உரசுகிறதா என்று கண்ணும் காதும்தான் சொல்ல வேண்டும். தினமும் டிக்கெட் கவுண்டருக்குப் போகும் வழியில் நான் பார்க்கும் காட்சி இது.

வெள்ளமும் எலியும்

2022-ம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் பெங்களூரில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலை, வெளிவட்டச் சாலைப் பகுதிகள் மூழ்கின. கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். அடித்தளத்தில் நிறுத்திய கார்கள் தண்ணீருக்குள் நின்றன.

தண்ணீர் வடிந்தால் கோளாறும் வடிந்துவிடாது. வயர்கள் ஒன்றோடு ஒன்று சேரும் கப்ளர்களுக்குள் ஈரம் தங்கிவிடுகிறது. மாதங்கள் போனபின், செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. அந்த முனையில் மின்சாரம் தடைப்படுகிறது. சென்சார்களுக்கு வேண்டியது வெறும் 5 வோல்ட். அதில் கால் வோல்ட், அரை வோல்ட் தொலைந்தால்கூட கணக்கு மாறிவிடும்.

அப்போது ஸ்கேனரில் சம்பந்தமே இல்லாத சங்கேதங்கள் கொத்தாக வரும். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக், கியர் என்று பத்துப் பன்னிரண்டு! அத்தனை பாகங்களும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா? இத்தனையும் சேர்ந்து வந்தால் பேட்டரியையும், எர்த் வயரையும், கப்ளரையும் முதலில் பார்க்க வேண்டும் என்கிறார்கள் தொழில் தெரிந்தவர்கள். எர்த் வயரைச் சோதிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை பேட்டரியின் மைனசில் வைத்து, மறு முனையை என்ஜின் இரும்பில் வைத்து, ஸ்டார்ட்டரை ஓடவிட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

எலி இன்னொரு எதிரி. 2020-ம் ஆண்டு ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற கார்களில் எலிகள் குடும்பம் நடத்தின. அவை கடித்த வயர் முழுவதும் அறுந்தால் தேவலை. ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், குலுங்கும்போது தொடர்பு விடும், நின்றதும் சேரும். பட்டறைக்கு வரும்போது வண்டி நல்ல பிள்ளையாக நிற்கும்! இதற்கெல்லாம் டார்ச் லைட்டும், வயரை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கமும்தான் மருந்து.

கருவி இல்லாமலும் முடியாது

இதைப் படித்துவிட்டு, "பழைய காலமே நல்லது, ஸ்கேனர் எல்லாம் ஏமாற்று" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நான் சந்தித்த மேஸ்திரிகளில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை.

இன்ஜெக்டர் ஒவ்வொரு தடவையும் திறந்து மூடும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்குதான். எந்தக் காதும் அதை அளக்காது. பாரத்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் பில்டர் அடைத்துக்கொண்டால், அதைப் பட்டறையில் எரித்துச் சுத்தம் செய்ய ஸ்கேனர் மூலம்தான் உத்தரவு கொடுக்க வேண்டும். பல டீசல் கார்களில் புது இன்ஜெக்டர் போட்டால், அதன் எண்ணைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். ஏர்பேக் வயரில் பழைய பழக்கத்தில் டெஸ்ட் லாம்ப் வைத்தால், அது முகத்தில் வெடிக்கும் ஆபத்து உண்டு. மின்சாரக் கார்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அங்கே பயிற்சி இல்லாதவர் கையே வைக்கக் கூடாது.

எனவே, ஸ்கேனர் வேண்டாம் என்பவரும் தோற்பார். ஸ்கேனர் ஒன்றே போதும் என்பவரும் தோற்பார்.

பூட்டி வைத்த கதவு

சிறு பட்டறைக்காரர்களுக்கு வேறொரு குறையும் இருக்கிறது. பொதுச் சங்கேதங்களை எந்த ஸ்கேனரும் படிக்கும். ஆனால் கம்பெனி தனக்கென்று வைத்துள்ள சங்கேதங்களையும், வயரிங் படங்களையும், சோதனை முறைகளையும் பெற அந்தக் கம்பெனியின் கருவியும் அனுமதியும் தேவைப்படுகின்றன. அவை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அனுபவம் இருந்தும் தகவல் இல்லாமல் மேஸ்திரி கையைப் பிசைகிறார். தகவல் இருந்தும் அனுபவம் இல்லாமல் இன்னொரு இடத்தில் பையன் பாகத்தை மாற்றுகிறான். நஷ்டம் கார்க்காரருக்கு.

இது கோர்ட்டு வரை போன விஷயம். 2014-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2 ஆயிரத்து 544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும், கோளாறு காணும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. கம்பெனிகள் அதை எதிர்த்து மேல் முறையீடு செய்தன.

2022-ம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசின் நுகர்வோர் துறை, 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. அதில் மோட்டார் வாகனங்களும் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ம் ஆண்டிலேயே மக்கள் ஓட்டுப்போட்டு இந்த உரிமையைச் சட்டமாக்கிக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

வாசகர்கள் செய்ய வேண்டியது

கார் வைத்திருப்பவர்களுக்கு மெக்கானிக்குகள் சொன்ன யோசனைகள் வருமாறு:-

1. ஸ்கேனர் காட்டிய சங்கேதத்தை அழிப்பதற்கு முன்பு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நேரத்தில் வேகம், சூடு முதலியவை என்ன என்று கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

2. "பாகத்தை மாத்தணும்" என்றால், "எந்தச் சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். "ஸ்கேனர் சொல்லுது" என்பது மட்டுமே பதிலாக இருந்தால், இன்னொருவரிடமும் காட்டுங்கள். சோதித்துப் பார்ப்பதற்கு என்று தனியாகக் கூலி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். தேவையில்லாத சென்சாரின் விலையைவிட அது குறைவுதான்.

3. கோளாறு எப்போது வருகிறது என்று கவனித்து வையுங்கள். காலையிலா, சூடான பிறகா, மேட்டிலா, மழையிலா, ஏ.சி. போட்டாலா? இந்தத் தகவல் எந்த ஸ்கேனரையும்விட உதவும்.

4. பழைய கார் வாங்கும்போது விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். முதல் நாள் சங்கேதத்தை அழித்துவிட்டு விற்பவர்கள் உண்டு. காரின் சுய சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

5. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது பெரும்பாலும் கடுமையான மிஸ் ஆவதன் அடையாளம். எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள புகை வடிகட்டியைச் சுட்டுவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் சேர்ந்த விலை உயர்ந்த பாகம் அது. வண்டியை ஓரம் கட்டுவதே லாபம்.

அடுத்த தலைமுறை

நான் சந்தித்த மேஸ்திரிகளுக்கு ஒரு கவலை பொதுவாக இருந்தது. கார்புரேட்டர் காலத்தில் தொழில் கற்றவர்கள், பிறகு தட்டுத்தடுமாறிக் கம்ப்யூட்டரையும் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடம் இரண்டும் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிறது. இப்போது வேலைக்கு வரும் பையன்கள் முதல் நாளே ஸ்கேனரைக் கேட்கிறார்கள். மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரியவில்லை. திரையில் வந்த பெயரைப் பார்த்துப் பாகத்தை மாற்றுவதே தொழில் என்று நினைக்கிறார்கள்.

பையன்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "இன்றைக்கே வேணும், மலிவா வேணும்" என்று அவசரப்படுத்துகிறவர்கள் நாம். ஒரு மணி நேரம் சோதித்துக் கோளாறைக் கண்டுபிடித்தவருக்குக் கூலி கொடுக்க யோசிக்கிறோம். புதுப் பாகத்தை டப்பாவோடு காட்டினால் கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். எதற்குக் காசு கிடைக்குமோ, அந்த வித்தைதான் வளரும்.

ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் மாணவர்களுக்கு முதலில் மீட்டரும், வயரிங் படமும், கம்ப்ரஷன் மீட்டரும் நன்றாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஸ்கேனரைக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு மேஸ்திரி சொன்னார். அவரிடம் இரண்டு பையன்கள் வேலை கற்கிறார்கள். கார் வந்தால் முதலில் காகிதத்தில் தங்கள் ஊகத்தை எழுதச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் ஸ்கேனர். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒத்துப்போகாத நாளில்தான் பையன்கள் அதிகம் கற்றுக்கொள்கிறார்களாம்.